நாயுடன் மலைக்காட்டு நடை: கேள்வியும் பதிலும்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்திலும் கேப் டவுனிலும் வாழும் தமிழன்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் ஒரு கால்நடை மருத்துவமனையில் நெடுங்காலம் உதவியாளராகப் பணிபுரிந்தவரும் மலைநடையில் பழகியவருமான அன்பர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

ஐயா, பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ட்ராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குச் செல்கிறோம். எங்கள் நாயையும் மலையேற்றத்துக்கு அழைத்துச் செல்லலாமா? (சாட்ஸ்வர்த் வாசகர்)

காப்பகத்துக்குள் முடியாது. 2000-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட உகஹ்லாம்பா-ட்ராக்கன்ஸ்பெர்க் பூங்காவில் வளர்ப்பு விலங்குகளுக்கு இடமில்லை. வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாட்டின் பெரும்பாலான தேசியப் பூங்காக்களிலும் இதே நிலைதான். பலரும் அறிந்த விதிவிலக்கு கேப் டவுனின் டேபிள் மவுண்டன். அங்கும் நாயுடன் நடப்பதற்கென்று தனி அனுமதி அட்டை வாங்க வேண்டும், குறிப்பிட்ட பகுதிகளில் மட்டுமே நடக்க வேண்டும்.

எஞ்சியிருப்பவை தனியார் நிலங்கள். ஹோவிக்கைச் சுற்றியுள்ள மிட்லண்ட்ஸ் மலைகளில் மஞ்சள்மரங்கள் (யெல்லோவுட்) அடர்ந்த பழைய காடுகளில் பலவும், அவற்றை ஒட்டிய பைன், வாட்டில் தோட்டங்களும் பண்ணையாளர்கள் அல்லது மரக் கம்பெனிகளின் கையில் உள்ளன. முன்னதாகவே தொலைபேசியில் அழைத்து, எத்தனை பேர், எத்தனை நாய்கள், எந்த வழி என்று சொல்லி அனுமதி பெறுங்கள். எழுத்தில் கிடைத்தால் இன்னும் நல்லது. இதை வெறும் மரியாதைக்காகச் சொல்லவில்லை. நம் மாகாணத்தில் நாய்க்கூட்டங்களை ஏவிச் சட்டவிரோதமாக வேட்டையாடுவது பண்ணையாளர்களுக்குப் பெருந்தொல்லையாக இருக்கிறது; அங்குள்ள புல்வெளிகளில் வாழும், நம் நாட்டில் அழியும் அபாயத்திலுள்ள ஒரிபி மான்கள் அந்த வேட்டையில் மடிகின்றன. அறிமுகமில்லாத நால்வர் நாய்களோடு வேலியோரம் நடந்தால் பண்ணையாளரின் மனத்தில் முதலில் எழுவது சந்தேகமே, அதை நான் குறை சொல்ல மாட்டேன். நீண்ட பயணத்துக்கு ஆயத்தமாக இருப்பவர்கள் ஈஸ்டர்ன் கேப்பின் அமத்தோலே மலையிலுள்ள ஹாக்ஸ்பேக் கிராமத்தை எண்ணிப் பார்க்கலாம். காடும் அருவிகளும் நடந்தே சேரும் தொலைவில் இருக்கின்றன. தங்கும் விடுதி நாயை ஏற்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி ஒருமுறை போட்டாயிற்று. அது போதுமா? (டோங்காட் வாசகர்)

போதாது. மூன்று மாத வயதில் முதல் ஊசி, குறைந்தது 30 நாட்கள் கழித்து ஓராண்டுக்குள் இரண்டாவது, பிறகு மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பது நம் சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனை. குவாசுலு-நட்டாலில் இந்நோய் நெடுநாளாகவே நிலைகொண்டிருப்பதால் ஆண்டுதோறும் போட்டுவிடுவதே அறிவுடைமை. நடைவழியில் தெருநாயோ காட்டு விலங்கோ உங்களைக் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வலி இல்லையென்றாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காட்டுக்குப் போய்வந்தால் நாயின் உடம்பெல்லாம் உண்ணி. மண்ணெண்ணெய் தடவினால் விழுந்துவிடும் என்று எங்கள் ஆயா சொல்வார். சரியா? (ஃபீனிக்ஸ் வாசகர்)

உங்கள் ஆயாவின் காலத்தில் வேறு வழி இருக்கவில்லை, இப்போது இருக்கிறது. மண்ணெண்ணெயோ தீக்குச்சியோ பட்டால் உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள்ளேயே கக்கக்கூடும், நோய்க்கிருமி உள்ளே செல்வதற்கு அதுவே வழியாகிவிடும். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக இழுத்து எடுங்கள். காதுமடலின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, விரலிடுக்கு, அக்குள், வாலின் அடி ஆகிய இடங்களைக் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவித் தேடுவதே பலன் தரும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம், இங்கே எல்லோரும் பிலியரி என்று அழைக்கும் நோய். உண்ணி வழியாக இரத்தத்துக்குள் புகும் பபேசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பரவலாக உள்ள பபேசியா ரோசி, நாயைத் தாக்கும் பபேசியா இனங்களுக்குள் மிகக் கொடியது. பெரும்பாலும் கடித்து இரண்டு மூன்று வாரங்களுக்குள் நாய் சோர்ந்து படுக்கும், உணவை மறுக்கும், காய்ச்சல் ஏறும், ஈறு முதலில் வெளுத்துப் பின்னர் மஞ்சளாகலாம், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கருஞ்சிவப்பாகலாம். மலைக்குப் போய்வந்ததையே எல்லோரும் மறந்துவிட்ட நேரத்தில் இது வருவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளிக்கிழமை வாடிய நாயைத் திங்கள் வரை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைப்பவர்கள் மருத்துவரிடம் வருவதற்குள் காலம் கடந்துவிடுகிறது. உண்ணித்தடுப்பு மாத்திரையை நடைக்கு முன்பே கொடுங்கள். நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் அதை மருத்துவரிடம் சொல்லி, ஏற்ற மருந்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் உடம்பையும் தேடிப் பாருங்கள். மனிதருக்கு வரும் உண்ணிக்காய்ச்சலில் கடிவாயில் கருப்புப் பொருக்கு தோன்றும், தலைவலி கடுமையாக இருக்கும். மருந்தால் நன்றாகக் குணமாகும்.

நியூலண்ட்ஸ் காட்டில் என் நாயைக் கயிறின்றி விடுகிறேன். கூப்பிட்டால் உடனே வரும். இதில் என்ன தவறு? (கேப் டவுன் வாசகர்)

உங்கள் நாயின் குணத்தில் ஐயமில்லை. அது மோப்பம் பிடித்த பிறகும் வருமா என்பதுதான் கேள்வி. மிட்லண்ட்ஸ் காடுகளில் நான் பார்த்த காயங்களில் மோசமானவை சிறுத்தையால் வந்தவை அல்ல. மூலையில் சிக்கிய ஆண் புஷ்பக் மான் ஓடாமல் திரும்பி நின்று கொம்பால் குத்தும், நாயின் வயிறு கிழிந்துபோகும். முள்ளம்பன்றியின் முள் முகத்தில் புதைந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க முடியும். பபூன் கூட்டத்தின் ஆண்குரங்குக்கு உள்ள கோரைப்பற்கள் எந்த நாய்க்கும் இல்லை. இவற்றோடு, திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணிகளும் உண்டு. என் பையில் கம்பி வெட்டும் குறடு ஒன்று எப்போதும் இருக்கும். இரண்டு மீட்டர் கயிறும் மார்புப்பட்டையும் போதும். கழுத்துப்பட்டை மட்டும் போட்டால் சரிவில் வழுக்கும்போது கழுத்தை இறுக்கும்.

பாம்பு கடித்தால் என்ன செய்வது? (பீட்டர்மரிட்ஸ்பர்க் வாசகர்)

வழியிலேயே அசையாமல் கிடக்கும் பஃப் ஆடரை நாய் மிதிப்பதுதான் அடிக்கடி நடப்பது. இது நம் முன்னோர் ஊரின் கண்ணாடி விரியனைப் போன்று விரியன் குடும்பத்தைச் சேர்ந்தது. கடித்த இடம் விரைவில் வீங்கும். இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நாயை நடக்கவிடாதீர்கள். எல்லா மருத்துவமனைகளிலும் நச்சுமுறி மருந்து இருப்பில் இராது என்பதால், புறப்படும் முன்பே அருகில் எங்கே கிடைக்கும் என்று விசாரித்து வையுங்கள். துப்பும் நாகத்தின் நஞ்சு கண்ணில் பட்டால், கையில் உள்ள தண்ணீரால் 15 நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நாய் களைத்துவிட்டதை எப்படி அறிவது? வெயிலில் எவ்வளவு தூரம் நடக்கலாம்? (டர்பன் வாசகர்)

தூரத்தைக் கணக்கிடாதீர்கள், நேரத்தையும் காற்றையும் பாருங்கள். நாய்க்கு உடம்பெங்கும் வியர்ப்பதில்லை, மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. காட்டின் நிழலில் சுகமாக நடந்த நாய், மரங்கள் முடிந்து திறந்த புல்முகட்டில் ஏறிய சிறிது நேரத்தில் தள்ளாடத் தொடங்கலாம். குளிர்கால இறுதியில் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி இறங்கும் வறண்ட, வெப்பமான பெர்க் காற்று வீசும் நாளில் மலைநடையே வேண்டாம். ஆகஸ்டு குளிர்மாதம்தானே என்று நம்பிப் புறப்படுபவர்களைத்தான் அது பிடிக்கும். கோடையில் விடியும் முன் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்கிவிட வேண்டும், ஏனெனில் பிற்பகலில் இடிமழை வரும்.

அடங்காத மூச்சிரைப்பு, செங்கல் நிறமாகும் ஈறு, பிசுபிசுத்த எச்சில், தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். ஓடைநீரை உடல் முழுவதும் ஊற்றி விசிறுங்கள்; ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிட்டால் சூடு உள்ளேயே அடைபடும். வீட்டில் சும்மா இருக்கும் 20 கிலோ நாய்க்கே நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் வேண்டும், மலையில் அதற்கு இருமடங்கு சுமந்து செல்லுங்கள். பாசி படர்ந்த தேங்கிய நீரைக் குடிக்கவிடாதீர்கள். பக், புல்டாக் போன்ற சப்பைமூக்கு இனங்களை ஏற்றத்துக்கு அழைத்துப் போவதை நான் ஆதரிப்பதில்லை. பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு முதிர ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம் என்பதால் அதுவரை சமவெளி நடையே போதும்.

நடுவழியில் கால் ஒடிந்தால் 30 கிலோ நாயை எப்படி இறக்குவது? (லேடிஸ்மித் வாசகர்)

பழைய பருத்திச் சேலை ஒன்றை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நாலாக மடித்து நாயைக் கிடத்தி இருவர் தூக்கலாம். ஒருவரே இருந்தால் தோளில் தூளிபோல் கட்டிக்கொள்ளலாம். வலியில் எந்த நாயும் கடிக்கும், ஆகவே முதலில் ஒரு துணிப்பட்டையால் வாயைக் கட்டுங்கள். வாந்தி எடுத்தாலும் மூச்சுத் திணறினாலும் கட்டாதீர்கள்.

நாங்கள் உண்ணும் பன்னி சௌவில் (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய உணவு) நாய்க்கும் கொஞ்சம் கொடுக்கலாமா? (சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அம்மா)

வேண்டாம் அம்மா. குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைக் கெடுக்கும், வெந்த ஆட்டெலும்பு பிளந்து குடலைக் குத்தும். மலைநடைக்கு எடுத்துச் செல்லும் உலர்திராட்சையும் சாக்லேட்டும் அதற்கு நஞ்சு. வழக்கமாகத் தின்னும் உணவையே சிறு பங்காகப் பிரித்து, ஓய்வெடுக்கும்போது கொடுங்கள். வயிறு நிறையத் தின்ற உடனே ஏறவிடாதீர்கள்.