பேட்டரியில் 6 ஆம்பியர், வைண்டிங்கில் 12

கேள்வி: 14 காந்தங்கள் கொண்ட ஒரு சிறிய பிரஷ்லெஸ் மோட்டார் வைத்திருக்கிறேன். அதன் மேல் 900 கேவி என்று எழுதியிருக்கிறது. அதன் உடலை பேரிங்கில் ஏற்றி, 10 சென்டிமீட்டர் நீளக் கம்பி ஒன்றைப் பொருத்தி, அது டிஜிட்டல் தராசை அழுத்தும்படி அமைத்தேன். சுமைக்கு இன்னொரு மோட்டாரை ஜெனரேட்டராக இணைத்திருக்கிறேன். 12 வோல்ட், பாதி த்ராட்டில். பேட்டரி வயரில் 6 ஆம்பியர் ஓடுகிறது. கணக்குப்படி தராசு 65 கிராம் காட்ட வேண்டும், 120 காட்டுகிறது. பிழை தராசிலா, மோட்டாரிலா?

பதில்: இரண்டிலும் இல்லை. கரண்டை அளந்த இடம்தான் மாறிவிட்டது.

உங்கள் கணக்கு எப்படி வந்தது என்று புரிகிறது. 9.55-ஐ கேவியால் வகுத்தால் ஓர் ஆம்பியருக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் திறன்) என்பது கிடைக்கும். (இங்கே கேவி என்பது கிலோவோல்ட் அல்ல, ஒரு வோல்ட்டுக்கு எத்தனை ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று, என்பது.) 900-க்கு அது 0.0106. 6 ஆம்பியருக்கு 0.064 நியூட்டன் மீட்டர், அதாவது உங்கள் கம்பி முனையில் 65 கிராம். சூத்திரம் சரி. ஆனால் அதில் போட வேண்டியது வைண்டிங்கில், அதாவது மோட்டாரின் கம்பிச்சுருளில், ஓடும் கரண்ட்.

பாதி த்ராட்டிலில் ஸ்பீடு கண்ட்ரோலர் பேட்டரியை நொடிக்குப் பல ஆயிரம் முறை இணைத்துத் துண்டிக்கிறது. துண்டித்த நேரத்திலும் வைண்டிங்கின் இண்டக்டன்ஸ் (கரண்ட் மாறுவதை எதிர்க்கும் குணம்) கரண்டை நிற்கவிடாது. அது கண்ட்ரோலருக்குள்ளேயே சுற்றி ஓடும். அந்தச் சுற்று பேட்டரி வயரைத் தொடுவதே இல்லை. பவரை வைத்துப் பார்த்தால் தெளிவாகும்: பேட்டரி பக்கம் 12 வோல்ட், 6 ஆம்பியர், 72 வாட். மோட்டார் பக்கம் சராசரியாக 6 வோல்ட். அதே 72 வாட்டுக்கு 12 ஆம்பியர் ஓடியே ஆக வேண்டும்.

இனி சுமையைக் கழற்றிவிட்டு அதே த்ராட்டிலில் பேட்டரி கரண்டைப் பாருங்கள். 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். இது பேரிங் உராய்வுக்கும் இரும்பு இழப்புக்கும் (மாறும் காந்தப்புலத்தால் இரும்பு சூடாவது) போவது, தண்டுக்கு வராது. 6-இல் 0.4 போக 5.6, இரட்டித்தால் 11.2 ஆம்பியர். 0.0106-ஆல் பெருக்கினால் 0.119 நியூட்டன் மீட்டர். தராசில் 121 கிராம். உங்கள் தராசை நம்பலாம்.

த்ராட்டில் குச்சி பாதியில் இருந்தால் டூட்டியும் (பேட்டரி இணைந்திருக்கும் நேரத்தின் பங்கு) பாதி என்பதை மட்டும் நம்பாதீர்கள். பல கண்ட்ரோலர்கள் அப்படி நேர்விகிதத்தில் நடப்பதில்லை. வேகத்தையும் மின்தடையையும் அளந்தால் டூட்டியை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மின்தடைக்கு மல்டிமீட்டரின் ஓம் அளவு உதவாது. அதன் வயர்களின் தடையே மோட்டாருடையதைவிட அதிகமாக இருக்கும். கரண்ட் லிமிட் உள்ள பவர் சப்ளையிலிருந்து இரண்டு வயர்கள் வழியாக 5 ஆம்பியர் செலுத்துங்கள். மீட்டர் முனைகளை சப்ளை கிளிப்பில் வைக்காமல், மோட்டார் வயரிலேயே அழுத்தி மில்லிவோல்ட்டைப் படியுங்கள். 400 மில்லிவோல்ட் என்றால் 0.08 ஓம். உள்ளே சுருள்களை இணைத்திருப்பது ஸ்டார் முறையிலா டெல்டா முறையிலா என்ற கவலை வேண்டாம். வயருக்கு வயர் அளந்த மதிப்பே போதும்.

வேகத்துக்கு மல்டிமீட்டரின் ஹெர்ட்ஸ் அளவு போதும், ஜெனரேட்டராக இணைத்த மோட்டாரின் இரண்டு வயருக்கு இடையே எடுங்கள். அதிலும் 14 காந்தம் என்றால் 7 துருவ ஜோடி. ஹெர்ட்ஸை 60-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் ஆர்பிஎம். சுமையுடன் 4500 ஆர்பிஎம் என்றால், சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் பின்னெதிர் மின்னழுத்தம் 5 வோல்ட். அதோடு 12 ஆம்பியர் 0.08 ஓமில் விழுத்தும் 0.96 வோல்ட்டைச் சேர்த்தால் ஏறக்குறைய 6. பன்னிரண்டில் ஆறு, டூட்டி 50 சதவீதம். இந்த மூன்று அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்த்த பிறகுதான் நான் எந்த டார்க் எண்ணையும் எழுதி வைப்பேன்.

மோட்டார் மேல் எழுதியிருக்கும் 900-ஐயும் சோதித்துவிடுங்கள். டிரில்லில் தண்டைப் பிடித்து 1200 ஆர்பிஎம்மில், அதாவது 140 ஹெர்ட்ஸில், சுழற்றி எந்த இரண்டு வயருக்கு இடையிலும் ஏசி வோல்ட்டை அளக்கலாம். 0.99 வோல்ட் வருகிறது என்போம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1.414-ஆல் பெருக்கி உச்ச வோல்ட்டை எடுத்தால் 857 கேவி, 1.35-ஆல் பெருக்கி, ஆறு படிகளில் இயங்கும் கண்ட்ரோலர் உணரும் சராசரியை எடுத்தால் 898. இரண்டும் அதே மோட்டார்தான். இரண்டு பேர் சொல்லும் கேவி 5 சதவீதம் விலகினால் முதலில் இதைத்தான் கேளுங்கள். சாதாரண கண்ட்ரோலரில் ஓடும் மோட்டாரின் டார்க்குக்கு 898 சரி.

உச்ச வோல்ட்டில் கிடைத்த 857-ஐச் சுழற்றாமலே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. இம்முறை கம்பியைத் தண்டில் இறுக்கி, முனையைத் தராசில் வையுங்கள். முனையில் கனமான எதையாவது கட்டித் தராசு 200 கிராம் காட்டும்படி செய்யுங்கள். இரண்டு வயரில் 5 ஆம்பியர் டிசி. மோட்டாரின் உடலை மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் அளவு உச்சம் தொடும். ரோட்டார் தானாக நிற்கும் நிலையிலிருந்து சுமார் 13 டிகிரி தள்ளி அது இருக்கும். அங்கே 257 என்றால், எதையும் அசைக்காமல் இரண்டு வயர்களையும் மாற்றிப் போடுங்கள். 143-க்கு இறங்கும். வித்தியாசத்தில் பாதி 57 கிராம். காந்தங்கள் உள்ளிருக்கும் இரும்புப் பற்களில் ஒட்டும் இழுப்பும் நீங்கள் கட்டிய எடையும் இந்தக் கழித்தலில் அடிபட்டுப் போகும். 857 கேவிக்கான கணக்கும் 57-தான்.

ஓடும் சோதனையில் மூன்று மோட்டார் வயர்களையும் தளர்வாக, பேரிங்கின் அச்சுக்கு அருகிலேயே வளைத்து விடுங்கள். விறைப்பான வயர் ஒன்றே தராசில் பல கிராம் பொய் சொல்ல வைக்கும். கம்பி கழன்றால் வீசியடிக்கும். அதன் வழியில் முகத்தை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையில் ஒருமுறை, சூடான நிலையில் ஒருமுறை எடுங்கள். தாமிரத்தின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 60 டிகிரி சூடேறினால் உங்கள் 0.08 ஓம் ஏறக்குறைய 0.1 ஆகிவிடும். நியோடிமியம் காந்தமும் டிகிரிக்குச் சுமார் 0.1 சதவீதம் வலுவிழக்கும், அதனால் டார்க்கும் 6 சதவீதம் அளவுக்குக் குறையும். பத்து நிமிடம் ஓடிய பிறகு அதே 6 ஆம்பியரில் தராசு 115-க்கு இறங்கினால் பதற வேண்டாம்.