அந்த வசனத்தை யார் சொன்னது என்று தம்பியிடம் கேளுங்கள்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. அப்பா இறந்து ஒரு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து வீட்டுக் கடன் முழுவதையும் தானே அடைக்கப்போவதாகச் சொல்லி, பகலில் ஒரு வேலை, இரவில் ஒரு வேலை என்று ஓடுகிறான். நானும் சம்பாதிக்கிறேன், பணம் கொடுத்தால் வாங்குவதில்லை. ஏதாவது கேட்டால் ‘பிரேக்கிங் பேட்’ தொடரின் ஒரு வசனத்தைக் காட்டுகிறான். ஆண் என்பவன் குடும்பத்தைக் காப்பாற்றுவான், யாரும் பாராட்டாவிட்டாலும் மதிக்காவிட்டாலும் நேசிக்காவிட்டாலும் காப்பாற்றுவான் என்று வருமே, அது. போனைத் திறந்தாலே அதுதான் இருக்கிறது. எனக்கும் டிவி வசனங்கள் பிடிக்கும், ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு தேர்வில் தோற்று உட்கார்ந்திருந்தபோது, ‘ஸ்டார் ட்ரெக்’கில் வரும் “ஒரு தப்பும் செய்யாமலேயே தோற்றுப்போக முடியும்” என்ற வசனம்தான் என்னைத் தூக்கி நிறுத்தியது. அதனால் ‘டிவி வசனமெல்லாம் வாழ்க்கைக்கு உதவாது’ என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என்ன சொல்லி அவனை நிறுத்துவது?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அக்கா

பதில்:

வாய் வராததே நல்லது, அந்த வாக்கியத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். சொன்னால் “உனக்குப் பிடித்தது மட்டமானது” என்றுதான் அவன் காதில் விழும், அப்புறம் நீங்கள் பேசுவது எதுவும் உள்ளே போகாது. தவிர அது உண்மையும் இல்லை. மனசு உடைந்து கிடக்கும் நேரத்தில் கைக்கு எட்டுகிற சொல்லைத்தான் யாரும் பிடித்துக்கொள்வார்கள், அது பாட்டி சொன்னதா, புத்தகத்தில் படித்ததா, டிவியில் ஒரு நடிகர் பேசியதா என்று அப்போது யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்கு அதுதான் நடந்தது. தம்பிக்கும் அதேதான், ஆனால் அவன் பிடித்திருக்கும் சொல் எங்கே இருந்து வந்தது என்பதை அவன் மறந்துவிட்டான் என்று நினைக்கிறேன்.

ஒரு வசனத்தை யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எதை வாங்குவதற்காகச் சொன்னார், கேட்டவருக்கு அப்புறம் என்ன ஆயிற்று, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்த வசனம். போனில் படமாக வைக்கும்போது இதெல்லாம் உதிர்ந்து, கம்பீரமான நாலு வார்த்தை மட்டும் மிஞ்சுகிறது. எனவே உங்கள் தம்பியின் வசனத்தை அது வந்த இடத்திலேயே திரும்பக் கொண்டுபோய் வைத்துப் பார்ப்போம். (தொடரைப் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிவைச் சொல்லாமல் இதைப் பேச வழியில்லை.)

2010-இல் வந்த மூன்றாம் சீசனில் இருக்கிறது அந்தக் காட்சி. வால்டர் ஒயிட் வேதியியல் ஆசிரியர், நுரையீரல் புற்றுநோய் வந்தவர், தான் போனபின் குடும்பத்துக்குப் பணம் இருக்க வேண்டும் என்று சொல்லிப் போதைப்பொருள் தயாரிக்க இறங்கியவர். இந்தக் கட்டத்தில் அவர் போதும் என்று ஒதுங்கப் பார்க்கிறார். “இதனால் என் குடும்பத்தையே இழந்துவிட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்கிறார். எதிரே நிற்பது கஸ் ஃப்ரிங், போதைப்பொருள் வியாபாரி. ஒரு சலவை ஆலைக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கட்டிய பளபளக்கும் ஆய்வுக்கூடத்தைக் காட்டிவிட்டு, குரலை உயர்த்தாமல், ஏதோ அப்பா மகனுக்குச் சொல்வதுபோல அந்த வசனத்தைச் சொல்கிறார். வால்டர் சம்மதித்துவிடுகிறார்.

அந்தப் பேச்சின் வேலை அவ்வளவுதான். விலகிப் போக நினைத்த ஓர் ஆளைத் திரும்ப வேலைக்கு இழுப்பது. வால்டருக்கு எங்கே வலிக்கும் என்று கஸ்ஸுக்குத் தெரியும், அந்த இடத்தில் கையை வைக்கிறார். “பாராட்டாவிட்டாலும், நேசிக்காவிட்டாலும்” என்பதைக் கொஞ்சம் நின்று படித்துப் பாருங்கள். உன் வீட்டில் இருப்பவர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதைக் காதில் வாங்காதே, அவர்கள் விலகிப் போனாலும் நீ நிறுத்தாதே என்றுதானே அதற்கு அர்த்தம்? வேலை வாங்குகிறவருக்கு இதைவிட வசதியான அறிவுரை இருக்க முடியாது. நீங்கள் பணம் நீட்டும்போது தம்பி கையை மடக்கிக்கொள்கிறானே, அந்தப் பழக்கத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது இந்த வரிதான்.

இதே கஸ் அடுத்த சீசனில், அதாவது 2011-இல், பாலைவனத்தில் வால்டரை மண்டிபோட வைத்துப் பேசுகிறார். குறுக்கே வந்தால் உன் மனைவியைக் கொல்வேன், மகனைக் கொல்வேன், கைக்குழந்தையான உன் மகளையும் கொல்வேன் என்கிறார். குரல் அப்போதும் உயரவில்லை. குடும்பம்தான் ஒரு ஆணின் பொறுப்பு என்று பாடம் எடுத்த அதே வாய். தம்பியின் வசனத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில் பாதி இந்த ஒரு காட்சியிலேயே இருக்கிறது.

மீதி, 2013 செப்டம்பரில் ஒளிபரப்பான கடைசி எபிசோடில். வால்டர் மனைவியைப் பார்க்க வருகிறார். ஸ்கைலர் இப்போது ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார், வசதி எல்லாம் போய்விட்டது. வால்டர் பேச வாயெடுத்ததுமே, குடும்பத்துக்காகத்தான் செய்தேன் என்று இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தால்… என்று வெடிக்கிறார். அப்போது வால்டர் முதல்முறையாக உண்மையைச் சொல்கிறார்: எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது, நன்றாகச் செய்தேன். அத்தனை சீசன்களும் ஓடி வந்து நிற்பது இந்த இடத்தில். தொடரை எழுதியவர்களே கஸ்ஸின் வசனத்தை இந்த அறையில் வைத்து உடைத்துவிட்டார்கள், நம்மில் பலர் உடைவதற்கு முன்னால் இருந்த துண்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

உங்கள் தம்பி வால்டர் இல்லை. நேர்மையாக உழைக்கிறான், அப்பா விட்டுப்போன சுமையை இறக்கி வைக்கப் பார்க்கிறான், அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த ஓட்டம் முழுக்க கடனுக்காகத்தானா, இல்லை ஓட்டத்தை நிறுத்தினால் அப்பா இல்லை என்பது முகத்தில் வந்து அறையும் என்ற பயமா? நீங்கள் நீட்டும் பணத்தை அவன் வாங்க மறுப்பதைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. கடன் மட்டும்தான் கவலை என்றால் அக்காவின் பணத்துக்கும் அதே மதிப்புதானே.

இப்போது உங்கள் நோட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் இருக்கும் வசனம் இதே சோதனையில் தேறி நிற்கிறது. ‘ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’, இரண்டாவது சீசன், 1989. அதில் வரும் டேட்டா என்பவன் மனிதன் இல்லை, ஆண்ட்ராய்டு, அதாவது மனித உருவில் செய்த இயந்திரம், கணக்குப் போடுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை. ஒரு விளையாட்டில் கொல்ராமி என்ற நிபுணரிடம் தோற்கிறான். தான் தப்பே செய்யவில்லை, ஆனாலும் தோற்றேன், அப்படியானால் எனக்குள் ஏதோ பழுது என்று முடிவு கட்டி, பணியிலிருந்து தானே விலகி அறைக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறான். மற்றவர்கள் வந்து சமாதானம் சொல்லிப் பார்க்கிறார்கள், எடுபடவில்லை. கடைசியில் அவர்களுடைய விண்கலத்தின் கேப்டன் பிக்கார்ட் வருகிறார். தப்பே செய்யாமல் தோற்பது சாத்தியம், அது பலவீனம் இல்லை, அதுதான் வாழ்க்கை என்கிறார்.

பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பிக்கார்ட் தட்டிக்கொடுக்க மட்டும் வரவில்லை, உன் வேலை காத்திருக்கிறது, எழுந்து வா என்று கூப்பிட வந்தவர். டேட்டாவும் எழுந்து போகிறான். அப்புறம் கொல்ராமியோடு மறுபடி விளையாடும்போது ஜெயிக்க முயலாமல், சமநிலையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறான், எதிராளி பொறுக்க முடியாமல் எழுந்து போகும்வரை. ஆக சொன்னவருக்குக் கேட்டவன்மேல் அக்கறை இருந்தது, கேட்டவனும் அடுத்த வேலைக்குப் போனான். நீங்கள் தேர்வுக்கு அப்புறம் என்ன செய்தீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை, ஆனால் “தூக்கி நிறுத்தியது” என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது போதும்.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சொன்னது யார் என்று பார்க்கச் சொன்னதற்குப் பெரிய பெயரைத் தேடுங்கள் என்று அர்த்தம் இல்லை. ‘டெட் லாஸோ’ என்ற தொடரில் அம்பு எறியும் விளையாட்டின்போது, தீர்ப்புச் சொல்லாதே, தெரிந்துகொள்ள ஆசைப்படு என்ற ஒரு வரியை அதன் நாயகன் டெட் சொல்கிறார், கவிஞர் வால்ட் விட்மன் சொன்னதாக. விட்மன் அப்படி எங்கும் எழுதியதற்கு ஆதாரம் இல்லை. அதனால் அந்தக் காட்சிக்கு ஒரு குறையும் வரவில்லை, ஏனென்றால் எதிரே நிற்பவன் நீ இதை விளையாடியிருக்கிறாயா என்று ஒருமுறைகூட டெட்டிடம் கேட்காமல் பந்தயம் கட்டினவன், கேட்டிருந்தால் தோற்றிருக்க மாட்டான். வரி அங்கே கண்முன்னால் நடந்துகாட்டப்படுகிறது.

சரி, தம்பியிடம் எப்படிப் பேசுவது?

வசனத்துக்கு வசனம் எடுத்து வீசாதீர்கள். அவன் கஸ்ஸை நீட்டினால் நீங்கள் பிக்கார்டை நீட்டுவது என்று ஆரம்பித்தால் அது போட்டியாகிவிடும். அவனுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரு நாளில் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காட்சியைத் திரும்பப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அவனுக்குப் பிடித்த தொடர், மாட்டேன் என்று சொல்ல மாட்டான். ஆய்வுக்கூடக் காட்சி, பாலைவனக் காட்சி, அப்புறம் ஸ்கைலரின் வீடு. மூன்றையும் பார்த்து முடித்ததும் விளக்கம் சொல்லாதீர்கள், தயவுசெய்து இதை மட்டும் கேளுங்கள். “அந்த ஆள் ஏன்டா இவர்கிட்ட அப்படிச் சொன்னார்?” என்று மட்டும் கேட்டுவிட்டு அவனைப் பேச விடுங்கள். அவன் கோபப்பட்டாலும் பரவாயில்லை, பேசாமல் எழுந்து போனாலும் பரவாயில்லை.

அப்பாவைப் பற்றிப் பேச வாய்ப்பு வந்தால், அது அன்றைக்கே வரலாம், ஆறுதலான வசனம் எதையும் தேடாதீர்கள். ‘செசமி ஸ்ட்ரீட்’ குழந்தைகள் நிகழ்ச்சி, அதில் கடைக்காரர் மிஸ்டர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டிருக்கலாம், ஊருக்குப் போய்விட்டார் என்று சமாளித்திருக்கலாம். அவர்கள் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். 1983 நவம்பரில், குழந்தைகளோடு பெற்றோரும் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளாகப் பார்த்து அந்த எபிசோடை ஒளிபரப்பினார்கள். பிக் பேர்ட் என்ற பெரிய பறவைப் பொம்மை எல்லோரையும் படம் வரைந்து ஆளுக்கு ஒன்று கொடுத்துக்கொண்டே வருகிறது, ஹூப்பரின் படம் கையில் மிஞ்சுகிறது. வந்ததும் கொடுக்கிறேன் என்கிறது. அவர் வர மாட்டார் என்று பெரியவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லிப் புரியவைக்கிறார்கள். ஏன் இப்படி நடக்க வேண்டும், ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் என்று அது கேட்கும்போது, அந்தப் பெரியவர்களில் ஒருவரான கார்டன் சொல்வது ஒரே பதில்: அப்படித்தான். வேறு காரணம் எதுவும் இல்லை, அப்படித்தான். அவர்கள் முகத்தைப் பாருங்கள், அந்த நடிகர்களும் தங்களோடு வேலை செய்த ஒருவரை இழந்தவர்கள். டிவியில் நான் பார்த்தவற்றில் இதைவிட நேர்மையான பதில் கிடையாது. “ஏன் அப்பாவுக்கு இப்படி ஆச்சு” என்று தம்பி என்றைக்காவது கேட்டால், நீங்களும் காரணம் கண்டுபிடிக்காமல் கூடவே உட்கார்ந்திருக்கலாம்.

நடைமுறைக்கு இரண்டு விஷயம். ஒன்று, கடன் கணக்கு. மொத்தம் எவ்வளவு பாக்கி, மாதத் தவணை எவ்வளவு, எத்தனை வருடம், இருவர் சம்பளமும் சேர்ந்தால் எத்தனை வருடம் என்று ஒரே தாளில் எழுதி அவன் முன்னால் வையுங்கள். “வாங்கிக்கோ” என்று பணத்தை நீட்டுவதற்கும் “இந்தத் தவணை என்னுடையது, நேராக நானே கட்டுகிறேன்” என்று சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. முதலாவதில் அவன் கை கீழே இருக்கிறது. இரண்டாவதில் இருவரும் அப்பாவின் பிள்ளைகள், அவ்வளவுதான். இதற்கு அவன் அனுமதி வேண்டும் என்றும் நினைக்காதீர்கள், அது உங்களுடைய அப்பாவின் கடனும்கூட.

இரண்டாவது, உடம்பு. இரண்டு வேலைக்கு நடுவே அவன் எவ்வளவு தூங்குகிறான், சாப்பிடுகிறானா என்று பாருங்கள். வேலை இல்லாத நேரத்திலும் தூக்கம் வரவில்லை, முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லை, பேச்சு குறைந்துகொண்டே போகிறது என்றால் மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ கூட்டிப் போங்கள், தனியாகப் போகச் சொல்லி விட்டுவிடாதீர்கள். செத்துவிட்டால் நிம்மதி என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே போங்கள்.

தவணைத் தாளை இந்த வாரமே எழுதிவிடுங்கள். தொடரைச் சேர்ந்து பார்ப்பது அவனுக்கு ஓய்வு கிடைக்கும்போது நடக்கட்டும், கணக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.