பூச்சி மருந்து அடிக்காத வாடகை வீடு தேடுபவருக்கு

மருந்து அடித்த வீட்டில் குழந்தைக்கு மூச்சு இளைக்கிறது, அடிக்காத வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். வாசனை வரவில்லை என்பதை நம்பி மட்டும் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். பெர்மெத்ரின் மாதிரியான மருந்துகளுக்குப் பெரிதாக வாசனையே இருக்காது, ஆனால் வெயில் படாத மூலைகளிலும் தரைவிரிப்புத் தூசியிலும் மாதக்கணக்கில் தங்கிவிடும், அதனால் விரிப்பு இல்லாத வீடாகவே பாருங்கள். கடைசியாக எப்போது, எந்த மருந்து அடித்தார்கள் என்று கேட்டு ரசீதையும் பாருங்கள். கரையானுக்கு அஸ்திவாரத்தில் விட்டதைத் தனியாகக் கேட்க வேண்டும், பலர் அதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அடுக்குமாடி என்றால் பக்கத்து வீட்டையும் பொது நடையையும் விசாரியுங்கள். அப்புறம், எழுத்தில் உங்கள் சம்மதம் வாங்காமல் மருந்து அடிக்கக் கூடாது, கரப்பான் வந்தால் ஒட்டுப்பொறியோ ஜெல்லோ போதும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். அதற்கு மறுக்கிற வீட்டுக்காரர் வேண்டாம்.