செந்தூல் வெறும் குண்டர் கும்பல் ஏரியாதானா?

கோலாலம்பூர் செந்தூலில் கொண்டோ (அடுக்குமாடி வீடு) பார்க்கிறேன், அது பழைய கேங் ஏரியாவாமே, வேறு வரலாறு ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்காக இங்கே வந்தவர் போலிருக்கிறது, ஆபீஸில் யாரோ பயமுறுத்தியிருப்பார்கள். மூன்று தலைமுறையாகச் செந்தூல்காரன் என்பதால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனசு வரவில்லை.

இந்த ஊரை வளர்த்தது ரயில்வே ஒர்க்‌ஷாப். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தது. மலாயா ரயிலின் இஞ்சின்களும் பெட்டிகளும் பழுதுபார்க்க இங்கேதான் வரும். உச்சத்தில் இருந்தபோது சுமார் 5,000 பேர் வேலை செய்தார்கள். தமிழர், யாழ்ப்பாணத்தார், மலையாளி, பஞ்சாபி என்று எல்லாரும். என் தாத்தா அங்கே ஃபிட்டர், அப்புறம் அப்பாவும் அதே வேலைதான். குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டில் சாவு என்றால் அந்த வரிசையில் ஒரு வீட்டிலும் அடுப்பு எரியாது, பணம் வசூலிக்க யாரும் சொல்ல வேண்டியதில்லை, தானாக வந்து சேரும்.

ஜப்பான்காரன் கையில் ரயில்வே இருந்ததால் 1945இல் அமெரிக்க விமானங்கள் வந்து ஒர்க்‌ஷாப் மேல் குண்டு போட்டன. தாத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் கால்வாயில் படுத்தாராம். சண்டை முடிந்ததும் இடிந்து கிடந்ததைத் திரும்ப நிமிர்த்தியவர்கள் இதே ஆட்கள்தான்.

சரி, பழம்பெருமை பேசுகிறான் என்று சிலர் வருவார்கள். கேங் சண்டையே இருந்ததில்லை என்று நான் சொல்லவில்லை, வளர்ச்சி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. 1998இல் செந்தூல் தீமோர் ஸ்டேஷன் வரை எல்ஆர்டி நகர ரயில் வந்ததில் எங்களுக்குத்தான் முதல் சந்தோஷம். 2005இல் பழைய ரயில்வே கட்டடம் ஒன்றை இடிக்காமல் நாடக அரங்கமாக்கினார்கள், நல்ல காரியம். ஆனால் கோல்ஃப் திடலாக இருந்த இடம் பூங்காவாகி, சுற்றிலும் கொண்டோ எழுந்து, விளம்பரத்தில் ‘பாரம்பரியச் செந்தூல்’ என்று போடுகிறார்களே, அந்தப் பாரம்பரியத்தை உண்டாக்கிய தொழிலாளியைப் பற்றி அதில் ஒரு வரி இருக்கிறதா? ஒர்க்‌ஷாப் வேலை பேராக் மாநிலத்துப் பத்து காஜா ஊருக்குப் போன பிறகு குடும்பங்கள் ரவாங் பக்கமும் செலாயாங் பக்கமும் சிதறிவிட்டன.

இதையும் சொல்லிவிடுகிறேன். என் தங்கை மகனுக்கு வாடகைக்கு ரூம் தேடியபோது, போனில் நன்றாகப் பேசிய வீட்டுக்காரர் பெயரைக் கேட்டதும் ‘இந்தியர்களுக்கு இல்லை’ என்று வைத்துவிட்டார். அதுவும் செந்தூலிலேயே! இவன் கொள்ளுத்தாத்தா குண்டு விழுந்த பட்டறையைத் தூக்கி நிறுத்திய ஊர் இது. நாட்டில் இதைத் தட்டிக்கேட்க ஒரு சட்டம் கிடையாதா என்று அன்றைக்கு முழுக்கக் கோபம் ஆறவில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாராளமாக வாங்குங்கள். 2023 முதல் செந்தூல் பாராட் ஸ்டேஷனில் எம்ஆர்டி ரயிலும் நிற்கிறது. ஆனால் தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு இரவில் வெள்ளி ரதம் பத்துமலைக்குப் போகும்போது ஈப்போ ரோடு பக்கம் கார் நகராது. ‘இவ்வளவு சத்தமா’ என்று மட்டும் தயவுசெய்து புகார் கொடுக்காதீர்கள்.