பெரியவனுக்கு எல்ஃப் கொடுத்தது யார்?

கேள்வி: என் மகன்கள் இருவரும் லீவில் கம்ப்யூட்டரில் 'காண்ட்லெட்' என்ற பழைய விளையாட்டைச் சேர்ந்து ஆடுகிறார்கள். வழியில் கிடைக்கிற சாப்பாட்டையெல்லாம் பெரியவனே தின்றுவிடுகிறான். சின்னவன் செத்துப்போய் அழுகிறான். கூடி ஆடினால் ஒற்றுமை வளரும் என்கிறார்களே, இதுதானா அது?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் ஊர் மே மாத வெயிலில் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது, சரி. ஆனால் பெரியவனைத் திட்டுவதற்கு முன் அந்த விளையாட்டின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1985-ல் அட்டாரி அதைக் காசு போட்டு ஆடும் மெஷினாகத்தான் கொண்டுவந்தது. நான்கு பேர் சேர்ந்து ஆடலாம். அடியே வாங்காமல் சும்மா நின்றாலும் உயிர்க் கணக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். ஏற்ற வேண்டுமா? சாப்பாடு தேடு, இல்லையென்றால் இன்னொரு காசு போடு. நாலு பேருக்கும் வயிறார வைத்தால் மெஷின்காரர் கல்லா எப்படி நிறையும்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதைத்தான் புரோகிராமாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

போதாததற்கு, அவசரத்தில் அம்பு விட்டால் சில சாப்பாடு யாருக்கும் இல்லாமல் அழிந்துபோகும். யார் அழித்தது என்பதை மெஷினே குரல் கொடுத்து ஊரறியச் சொல்லும். சண்டை மூட்ட வேறு ஆளே வேண்டாம்.

இனி உங்களிடம் ஒரு கேள்வி. ஆட்டத்தில் ஆளுக்கொரு வீரனைத் தேர்ந்தெடுக்க வேண்டுமே, பெரியவன் எடுத்திருப்பது எல்ஃப் என்ற வில்வீரனையா? நான்கு வீரர்களில் வேகமானவன் அவன்தான், பந்திக்கு முந்துவதில் ஆச்சரியமில்லை. அதைச் சின்னவனிடம் மாற்றிக் கொடுங்கள். இல்லையென்றால் சின்னவனுக்கு வால்கிரி என்ற வீராங்கனையைக் கொடுங்கள். கவசம் பலமானது, அடி குறைவாக உறைக்கும். பெரியவன் வாரியர் என்ற போர்வீரனாக முன்னால் நின்று எதிரிகளோடு மோதட்டும், அவனுக்குத்தான் கைப்பலம் அதிகம். ஒற்றுமையோ இல்லையோ, அழுகை குறையும்.

அப்புறம், விளையாட்டையே மாற்றலாம் என்றால் ஸ்கொயர் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட 'சீக்ரெட் ஆஃப் மானா'வைத் தேடிப் பாருங்கள். கதை கொஞ்சம் நகர்ந்து கூட்டாளிகள் வந்து சேர்ந்ததும் மூன்று பேர் வரை ஆடலாம். பணம் பொது. ஒருவனை விட்டுவிட்டு இன்னொருவன் திரையைத் தாண்டி ஓட முடியாது. சின்னவன் சாப்பிட எழுந்து போனால் அவன் ஆளைக் கம்ப்யூட்டரே நடத்திக்கொள்ளும், திரும்பி வந்து தொடரலாம். மூன்றாவது இடம் காலியாகத்தான் இருக்கிறது. கேள்வி எழுதி அனுப்புகிற நேரத்தில் நீங்களே உட்காரலாமே!

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அதில் ஆயுதம் மாற்றவோ மந்திரம் போடவோ ஒருவர் மெனுவைத் திறந்தால், மற்றவர்கள் ஆட்டமும் அப்படியே நின்றுவிடும். சின்னவன் இதை எப்படியும் கண்டுபிடித்துவிடுவான். அந்தப் பஞ்சாயத்துக்கு அடுத்த இதழில் பதில் தருகிறேன்.