புது டிஸ்க் மாட்டினதும் லினக்ஸ் பூட் ஆகல, எஸ்டிஏ எப்படி எஸ்டிபி ஆச்சு?

ரெண்டாவது டிஸ்க் மாட்டினதும் ரூட் பார்ட்டிஷன் (லினக்ஸ் இருக்கிற டிஸ்க் பகுதி) காணோம்னு நின்னுடுச்சுன்னு கேட்டிருக்கீங்க, எனக்கும் அப்படியே நடந்துச்சு. பெங்களூர் எஸ்.பி. ரோட்ல 1 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கி, கே.ஆர். புரம் ரூமுக்கு வந்து ராத்திரியே மாட்டிட்டேன். லினக்ஸை ஏத்தி விடுற கிரப் மெனு வந்துச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல, எஸ்டிஏ1 (எஸ்டிஏ டிஸ்க்கோட முதல் பார்ட்டிஷன்) இல்லைன்னு ஒரு வரி, கீழ இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் பார்ட்டிஷனைத் தேடி ஏத்த பூட் ஆரம்பத்துல ஓடுற குட்டி சிஸ்டம்) ப்ராம்ப்ட். டேட்டா போச்சுன்னு கை நடுங்கிடுச்சுங்க. பார்ட்டிஷன்களைப் பட்டியல் போடுற பிஎல்கேஐடி கமாண்டை அடிச்சுப் பாத்தா பழைய பார்ட்டிஷன் எஸ்டிபி1-ங்கிற பேர்ல பத்திரமா இருக்கு.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் கெர்னல் (லினக்ஸோட மையப் பகுதி) எந்த டிஸ்க்கை முதல்ல பாக்குதோ அந்த வரிசைல வைக்கிற பேரு, கேபிளை மாத்திச் சொருகினா மாறும், பென்டிரைவ் இருந்தா மாறும், சில சமயம் எதையும் தொடாமலே மாறும். கிரப் சொல்ற எச்டி0 வேற கணக்கு, அது பயாஸ் காட்டுற வரிசை. நான் கிரப் கான்ஃபிக்ல ரூட்னு எஸ்டிஏ1-ஐக் கையால எழுதி வெச்சிருந்தேன், அதான் வினை. இப்போதைக்கு மெனுல ஈ அழுத்தி அந்த இடத்துல யூயூஐடி (பிஎல்கேஐடி காட்டுற தனி அடையாள நம்பர்) போட்டு கண்ட்ரோல் எக்ஸ் அடிங்க, பூட் ஆயிடும், உள்ள போனதும் கிரப் கான்ஃபிக், எஃப்எஸ்டேப் (எந்த பார்ட்டிஷனை எங்க மவுண்ட் பண்ணணும்னு சொல்ற ஃபைல்) ரெண்டையும் திருத்திடுங்க. இனிட்ராம்எஃப்எஸ் இல்லாம பூட் பண்றவங்க மட்டும் பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷன் டேபிள்ல இருக்கிற நம்பர்) போடணும், ஏன்னா ஃபைல்சிஸ்டம் யூயூஐடியைத் தேடிக் குடுக்கிறதே இனிட்ராம்எஃப்எஸ்தான், கெர்னலுக்குத் தானா அது தெரியாது.

ஆனா யூயூஐடி போட்டாச்சுன்னு நிம்மதியா இருந்துடாதீங்க ப்ளீஸ். அது ஃபைல்சிஸ்டத்துக்குள்ள எழுதியிருக்கிற நம்பர், டிஸ்க்கை அப்படியே காப்பி பண்ற டிடி கமாண்ட் போட்டு குளோன் பண்ணா அதுவும் அப்படியே காப்பி ஆகும். நான் பழைய டிஸ்க்கைப் புதுசுக்கு குளோன் பண்ணி ரெண்டையும் மாட்டியே வெச்சிருந்தேன், ஒருநாள் எழுதின ஃபைல் மறுநாள் இல்ல, அடுத்த நாள் திரும்ப இருக்கு. பிஎல்கேஐடி அடிச்சு ஸ்க்ரீன்ல விரல் வெச்சு ஒவ்வொரு எழுத்தா பாத்தேன், ரெண்டு டிஸ்க்கோட வரிலயும் யூயூஐடி அதே 36 எழுத்து. எந்த டிஸ்க் முதல்ல கிடைக்குதோ அதுல பூட் ஆகியிருக்கு.

குளோன் முடிஞ்சதும் பழசைக் கழட்டிட்டுதான் பூட் பண்ணுங்க. ரெண்டும் உள்ள இருந்தே ஆகணும்னா லைவ் யூஎஸ்பில (பென்டிரைவ்ல இருந்தே ஓடுற லினக்ஸ்) ஏறி, ஃபைல்சிஸ்டம் ஈஎக்ஸ்டி4-னா ட்யூன்2எஃப்எஸ் கமாண்டால யூயூஐடியை மாத்துங்க, மாத்தின டிஸ்க்கோட எஃப்எஸ்டேப்லயும் கிரப்லயும் புது நம்பர் போகணும், அதை மறந்தா மறுபடி அதே ப்ராம்ப்ட்தான். எது எந்த டிஸ்க்னு சந்தேகம் வந்தா டெவ் டிஸ்க் பை-ஐடி ஃபோல்டரைப் பாருங்க, மாடல் பேரும் சீரியல் நம்பரும் இருக்கும். சீரியல் குளோன் ஆகாது, டிஸ்க் மேல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரோட ஒத்துப் பாத்துட்டு அப்புறம் கை வைங்க.