அனிமேஷன் பணிக்கு ஆயத்தம்: கேள்வி பதில்

கேள்வி: எனக்கு ஓவியம் அவ்வளவாக வராது. இத்துறைக்கு வரலாமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவி)

பதில்: தாராளமாக வரலாம். ரிக்கிங் (உருவத்தை அசைக்க உள்ளே எலும்புக்கூடு போன்ற அமைப்பைப் பொருத்துதல்), லைட்டிங் (ஒளியமைப்பு), காம்போசிட்டிங் (தனித்தனியாக உருவான காட்சி அடுக்குகளை ஒன்றிணைத்தல்) போன்ற பணிகளுக்கு ஓவியத் திறமை கட்டாயமில்லை. கதாபாத்திரங்களை அசைக்கும் அனிமேட்டராக விரும்பினால், குச்சி உருவங்களைக் கொண்டாவது ஓர் அசைவைத் தாளில் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: அனிமேஷன் மென்பொருள்களில் எதைக் கற்கலாம், மாயாவா, பிளெண்டரா? (பொறியியல் மாணவர்)

பதில்: பெரிய ஸ்டுடியோக்களில் மாயாவின் புழக்கம் அதிகம். பிளெண்டர் இலவசம், 2025-இல் ஆஸ்கர் விருது பெற்ற 'ஃப்ளோ' அனிமேஷன் படம் அதில்தான் உருவானது. கையில் இருப்பதில் தொடங்குங்கள்.

கேள்வி: மென்பொருள் பழகிவிட்டது. ஆனாலும் நான் அசைக்கும் உருவம் நூலில் தொங்கும் பொம்மையைப் போலவே இருக்கிறதே? (பயிற்சி நிலைய மாணவர்)

பதில்: உங்கள் உருவத்துக்கு எடை இல்லை என்பதே குறை. துள்ளும் பந்திலிருந்து மீண்டும் தொடங்குங்கள். நொடிக்கு 24 ஃபிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) என்று வைத்துக்கொண்டால், உச்சியில் வேகம் குறைவதால் பந்தின் நிலைகள் நெருங்கியும், தரையை நோக்கி விழும்போது விலகியும் அமைய வேண்டும். அதே பந்தை இரும்புக் குண்டாகவும் பலூனாகவும் இடைவெளியை மாற்றியே காட்ட முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். அடுத்து, குழாயடியில் நிறைகுடத்தைத் தூக்கும் ஒருவரைக் கவனியுங்கள். குடம் தரையை விட்டு எழும் முன்பே முழங்கால் மடங்கிவிடும். இடுப்பில் ஏறியதும் உடல் எதிர்ப்பக்கம் சாயும், மறுகை தானாக விலகும். இந்த முன்பின் வரிசையை எந்த மென்பொருளும் உங்களுக்காக யோசித்துத் தராது.

கேள்வி: எங்கே படிக்கலாம்? (ஒரு தந்தை)

பதில்: அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், மும்பை ஐஐடியின் வடிவமைப்புப் பள்ளி, சென்னை தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரி ஆகியவற்றில் இதற்கெனப் படிப்புகள் உள்ளன. தனியார் நிலையமானால், கட்டணம் செலுத்தும் முன் சென்ற ஆண்டு மாணவர்களின் ஷோரீல்களை (தங்கள் சிறந்த வேலைகளைத் தொகுத்த சிறு வீடியோக்களை) காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: ஷோரீல் எவ்வளவு நீளம் இருக்கலாம்? (வேலை தேடுபவர்)

பதில்: ஒரு நிமிடமே போதும். பெயர் சுழன்று சுழன்று வரும் முகப்பை (நானும் ஒரு காலத்தில் செய்ததுதான்) விட்டுவிட்டு, ஆகச் சிறந்த ஷாட்டை முதலில் வையுங்கள். குழுவாகச் செய்ததென்றால் உங்கள் பங்கு எதுவென்று அந்த ஷாட்டின் மீதே எழுதிவிடுங்கள். நேர்காணலில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.